ரேகை உள்ள கடைசிக் கை

தவமலரின் அறைச் சுவரில் 'உங்கள் கனவு விடுமுறை இங்கே தொடங்குகிறது' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அதை அழிக்க டெண்டர் விட்டிருந்தார்கள். டெண்டர் எடுத்தவருக்குக் காய்ச்சல்.

'ஓஷன் செரினா' ஒரு காலத்தில் உல்லாசக் கப்பல். பணக்காரர்கள் நீச்சல் குளத்தில் மிதந்தபடி தங்கள் வயதை மறந்த இடம். கப்பலுக்கே வயதானதும் வெஸ்ட்மார் குடியரசு அதை வாடகைக்கு எடுத்து, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டு, அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர்களை அதில் அடைத்தது. நீச்சல் குளத்தில் இப்போது துணி காய்ந்தது. சூதாட்டக் கூடத்தில் அவித்த உருளைக்கிழங்கு பரிமாறினார்கள்.

கப்பலை நடத்திய கம்ப்யூட்டரை மட்டும் மாற்றவில்லை. குறைந்த விலை கேட்ட கம்பெனி, பழைய புரோகிராமில் 'விருந்தினர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கைதி' என்று போட்டுவிட்டு பில்லை அனுப்பியது. ஆகவே தினமும் காலையில் ஸ்பீக்கரில் ஒரு குழைவான பெண் குரல், "இனிய காலை வணக்கம், அன்பார்ந்த கைதிகளே. நேற்றைய தங்குதலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று அவரவர் மொழியில் விசாரித்தது. எல்லோரும் அதை செரினா என்றே கூப்பிட்டார்கள்.

செரினாவுக்கு மனிதர்களை உள்ளங்கையால்தான் தெரியும். உலகம் முகத்தை நம்புவதை விட்டு வெகுகாலமாகிவிட்டது. யார் முகத்தை வேண்டுமானாலும் யாருக்கும் ஒட்டிப் படம் காட்டலாம் என்று ஆனபிறகு முகம் செல்லாக்காசு. டி.என்.ஏ. சோதனை செய்த கம்பெனி திவாலாகி, அதிலிருந்த டி.என்.ஏ. யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது உள்ளங்கை. கையை வைத்தால் கதவு திறக்கும், சாப்பாடு வரும், வழக்கு நடக்கும், நாடு கடத்துவார்கள்.

தவமலர் பருத்தித்துறைக்காரி. நாற்பதைத் தாண்டியவள். மகள் ஆரணியோடு படகில் வந்தாள். வெஸ்ட்மாரில் ஒரு மனிதாபிமானச் சட்டம் இருந்தது: குழந்தைகளைச் சிறை வைக்கக் கூடாது. எனவே ஆரணியைக் கரையில் ஒரு விடுதியில் விட்டுவிட்டு, தாயை மட்டும் சிறை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தவமலர் திரையில் உள்ளங்கையை வைப்பாள். அங்கே ஆரணியும் வைப்பாள். தாய், மகள் என்று இரண்டு ரேகைகளும் ஒத்துப்போனால் பேச்சு வரும். அதுதான் அவளுடைய வாரம்.

இந்த நேரத்தில்தான் உரிகாய்ச்சல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு கப்பலுக்கு வந்தது.

முதலில் படுத்தது சேதுராசு. பரமக்குடிக்காரன். ஓட்டல் சமையலுக்கு வந்து, விசா முடிந்தும் தோசை முடியாததால் தங்கிவிட்டவன். கப்பல் சமையலறையில் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டதும் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு எதிர் அறைக்குக் குரல் கொடுத்தான்.

"அக்கா, கை வெங்காயத்தோல் மாதிரி உரியுதுக்கா."

தவமலர் கதவுக்கு வெளியே நின்றாள். "அங்கேயே நிண்டு காட்டு. கிட்ட வராதை." பார்த்தாள். "இது அம்மாள் வருத்தம்."

"அம்மையா? அம்மைன்னா கொப்புளம்ல வரும்."

"அவ ஊருக்கு ஊர் வேற மாதிரி வருவா. கப்பலுக்கு இப்பிடி வந்திருக்கிறா. போய்ப் படு. இனி உன்ரை அறைக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது, நீயும் வெளிக்கிடக்கூடாது. சாப்பாட்டை வாசல்ல வைப்பன், நான் போன பிறகு எடு. கப்பல்ல இண்டையில இருந்து தாளிக்கக்கூடாது."

"அநியாயமா இருக்கே. நேத்துதான் கடுகு வந்துச்சு. ரெண்டு மாசமா மனு போட்டு வாங்கின கடுகு."

"கடுகு இருக்கும். நீ இருக்க வேணும்."

சற்று நேரத்தில் அவன் கதவில் பச்சையாக ஒரு கொத்து தொங்கியது.

"வேப்பிலை ஏதுக்கா இங்க?"

"சூதாட்டக் கூடத்தில நிக்கிற மரத்தில உடைச்சனான்."

"அது பிளாஸ்டிக்குக்கா."

"நாங்கள் கப்பல்ல நிக்கிறம் எண்டு அவவுக்குத் தெரியும்."

அதே கூடத்தின் மேசை இழுப்பறையில் தவமலருக்கு இன்னொன்றும் கிடைத்தது. சீட்டுப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகள், கட்டுக் கட்டாக. ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். கதவு திறக்க ஒரு நொடி கழற்றுவாள், கையைக் கழுவுவாள், திரும்ப மாட்டுவாள். அம்மாள் வந்திருக்கும் வீட்டில் எதையும் கையால் தொடக்கூடாது என்பது அவள் ஊர் வழக்கம். வழக்கத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை.

காவலாளி ப்ரூனோ வந்தான். கப்பலில் அவனைப்போல் உரக்கத் திட்டுகிறவர் யாரும் இல்லை. கழுத்தில் மொழிபெயர்ப்புப் பெட்டி தொங்கியது. அரசாங்கம் மொத்தமாக வாங்கிய பெட்டி. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யாரோ பெரிய பண்டிதர் போலிருக்கிறது. ப்ரூனோ பிளாஸ்டிக் இலையைக் காட்டி, முகம் சிவக்க, எச்சில் தெறிக்க, நெடுநேரம் கத்தினான். பெட்டி கடைசியில் ஒரே வரி சொன்னது:

"பெருமாட்டியே, தாவர அலங்காரம் விதிகளுக்கு இசைவானதன்று."

"ஓம், சொல்லிப்போட்டார். போகச் சொல்லுங்கோ," என்றாள் தவமலர்.

அன்று மாலை கப்பல் டாக்டர் இங்கா எல்லோரையும் நீச்சல் குளத்துக்கு வரச் சொல்லி, தள்ளித் தள்ளி உட்கார வைத்தாள். அவள் பேசியது பெட்டி வழியாகத் தமிழர்களுக்கு இப்படி வந்தது:

"இந்நோய் உயிரைப் பறிப்பது அரிது. ஆயின் இக்கிருமி தோலின் அடித்தட்டைத் தின்றுவிடுகிறது. புதுத்தோல் வழுவழுப்பாக வரும். அதில் ரேகை இராது. பல திங்கள் கழித்து ரேகை எழுந்தாலும் அது வேறொரு ரேகையாகவே இருக்கும். உரியும் காலத்தில் தொடுகையால் பரவும். எவரும் எவரையும் தொடற்க."

டாக்டர் சேதுராசுவின் அறைப் பக்கம் வந்தபோது பிளாஸ்டிக் இலையையும், வாசலில் மூடி வைத்த கஞ்சியையும், கையுறையோடு நின்ற தவமலரையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "யான் மூன்று சுற்றறிக்கைகளில் இதையே வேண்டினேன். எவரும் செய்திலர். உம் தெய்வத்துக்கு என் நன்றி" என்றது பெட்டி.

ஆனால் டாக்டரின் பேச்சில் கப்பல் பிடித்துக்கொண்டது வேறு வாக்கியம். ரேகை இராது. நாடு கடத்தும் உத்தரவு எதன்மேல் ஒட்டியிருக்கிறது? ரேகையின்மேல். ரேகை போனால்? கோப்பில் உள்ளவன் எங்கோ காற்றில் கரைந்துவிடுவான். நிற்பவன் வேறு யாரோ.

மறுநாளிலிருந்து சேதுராசுவின் வாசலில் கூட்டம். சோமாலியாக்காரர், பெருவியர்கள், கவுரவமாக முகம் சவரம் செய்துகொண்டு வந்த இரண்டு பேராசிரியர்கள். எல்லோருக்கும் அவன் கையைக் குலுக்க வேண்டும். தவமலர் துடைப்பக் கட்டையோடு விரட்டினாள். அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவன் கதவிடுக்கில் கையை நீட்டினான்.

"என்ன செய்யிறாய் நீ? சாமி வந்த கையைக் குலுக்க விடுறியே."

"கேக்கிறாய்ங்கக்கா. ஊருல எங்க அப்பனே எங்கையப் புடிச்சதில்ல. இங்க வரிசையில நிக்கிறாய்ங்க." அவன் கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தான். "நீங்களும் ஒரு கை குடுங்க. வெள்ளிக்கிழம உங்களுக்குத்தான ஃபிளைட்டு? முடிஞ்சுது சோலி."

"எனக்குக் கை வேணும் தம்பி."

"அங்க போனா உங்களப் புடிச்சு உள்ள வச்சுருவாய்ங்கன்னு நீங்கதான சொன்னீக."

"ஓம். ஆனா இந்தக் கை போனா ஆரணிக்கு நான் ஆர்? வழியில போற மனிசி. கையிருந்தா எங்கயிருந்தாலும் தாய். வழக்காடலாம், எழுதலாம், கூப்பிடலாம்."

சேதுராசு நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டான். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சறையில் கையுறையைக் கழற்றித் திரையில் வைத்தாள். விதிப்படி ப்ரூனோ வாசலில் நின்றான். பெட்டியின் ஒரு கம்பி அவன் காதில். சட்டவிரோதமாக ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்பது அவன் வேலை.

"அம்மா, நத்தைக்குக் கொம்பு ஒண்டு வளைஞ்சிட்டுது," என்றாள் ஆரணி. முன்பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது.

"சாப்பாடு குடுத்தியே?"

"முட்டைக்கோசு குடுத்தன். தின்னுது, தின்னுது, நகரவே இல்லை. அம்மா, இஞ்சை பிள்ளைகளுக்குக் காய்ச்சல்."

"உனக்கு?"

திரை இருண்டது. எப்போதும் அந்த இடத்தில்தான் நேரம் முடியும். தவமலர் இருண்ட திரையில் கையை வைத்தபடியே இருந்தாள். ப்ரூனோ வாசலில் இருமினான்.

அந்த வாரம் காய்ச்சல் அதிகாரத்தைச் சாப்பிட்டது. கைதிகள் குலுக்கிய கைகளைத்தான் காவலர்கள் தினமும் சோதனை போட்டார்கள். கேப்டனுக்கு உரிந்தது. சாவிகள் துணைக் கேப்டனுக்குப் போயின. அது செரினாவின் பழைய ஏற்பாடு, ஒருவர் படுத்தால் பட்டியலில் அடுத்தவர். துணைக் கேப்டனுக்கு உரிந்தது. டாக்டருக்கு, காவலர்களுக்கு. கடைசியாக ப்ரூனோ. ஒரு காலை அவன் தன் அறைக்கதவில் கையை வைத்தான்.

"மன்னிக்கவும், உங்களை எனக்குத் தெரியாது," என்றது செரினா. "வழி தவறி வந்துவிட்டீர்களா?"

அவன் கதவை உதைத்தான். பெட்டி பணிவாக, "ஐயகோ" என்றது.

பட்டியலில் ஊழியர் பெயர்கள் தீர்ந்தன. இங்கேதான் அந்தக் குறைந்த விலை கம்பெனியின் கைங்கரியம் வெளிப்பட்டது. உல்லாசக் கப்பலில் ஊழியர், விருந்தினர் எல்லாம் ஒரே பட்டியல். கம்பெனி அதைப் பிரிக்கச் சோம்பல் பட்டிருந்தது. செரினா நிற்காமல் கீழே இறங்கியது. கைதிகள். உரிந்தவன், உரிந்தவள், உரிந்தவன்.

மதிய உணவின்போது கப்பல் முழுக்க ஸ்பீக்கர் ஒலித்தது. "மகிழ்ச்சியான அறிவிப்பு. இன்று முதல் நம் கப்பலின் பொறுப்பாளர் திருமதி தவமலர். அவருக்குக் கைதட்டுவோம்."

தவமலர் வாயிலிருந்த உருளைக்கிழங்கை விழுங்கினாள். இருநூறு சொச்சம் பேரில் ரேகை உள்ள கை அது ஒன்றுதான்.

"அக்கா," என்றான் சேதுராசு மெதுவாக. அவனுக்கு அப்போது அம்மை இறங்கித் தண்ணீர் வார்த்து முடிந்து, நடமாட அனுமதி கிடைத்திருந்தது. "கப்பல ராமேஸ்வரத்துக்கு விடுங்க."

"எஞ்சினைக் கழட்டி வித்துப்போட்டாங்கள் தம்பி. எனக்கு உத்தியோகம் கிடைக்க முதலே."

அவள் முதல் வேலையாக எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தாள். இரண்டாவதாகத் தன் கோப்பைக் கேட்டாள்.

"வருந்துகிறேன். பொறுப்பாளர் தன் சொந்த விஷயத்தில் தானே முடிவெடுக்கக் கூடாது. குடும்பத்தினர் விஷயத்திலும்," என்றது செரினா. "வெள்ளிக்கிழமை லாஞ்சு வரும். நாடு கடத்தப்பட வேண்டியவர் ஒருவர். அவரைப் பொறுப்பாளர் நேரில் ஒப்படைக்க வேண்டும். இரண்டும் நீங்களே. தாமதம் வேண்டாம்."

கரையில் நிலைமை இன்னும் மோசம். மந்திரிகளுக்கே கை உரிந்து, அவர்கள் வங்கிக் கணக்கு அவர்களுக்கே திறக்கவில்லை. மறுநாளே ஒரு சட்டம் வந்தது. டாக்டர் இங்கா ரேடியோவில் கேட்டு ஓடிவந்து சொன்னாள். பெட்டி மூச்சு வாங்கியது.

"வெறுங்கைச் சட்டம். வெஸ்ட்மார் மண்ணிலோ கப்பலிலோ நிற்கும் ரேகையற்ற எவரைக் குறித்தும் ரேகையுள்ள ஒருவர் 'இவரை அறிவேன்' எனச் சான்று கூறின், அவர் குடியரசின் குடிமகனாகவே கொள்ளப்படுவார்."

"கப்பல் ஏன் உள்ள வந்தது?" என்றாள் தவமலர்.

"நிதி மந்திரி தம் சொந்தக் கப்பலில் விடுமுறையில் உள்ளார்."

சேதுராசு சமையலறை மேடையில் உட்கார்ந்துவிட்டான். மெல்ல விரலால் சுற்றிக் காட்டினான். "ரேகையற்ற எவரும்னா இங்க எல்லாரும். ரேகையுள்ள ஒருத்தர்னா..." விரல் தவமலரிடம் வந்து நின்றது.

வரிசை நின்றது. தவமலர் ஒவ்வொருவரையும் பார்த்து, "ஓம், தெரியும்" என்றாள். தெரியத்தான் செய்தது, யார் குறட்டை விடுவார், யார் அழுவார் என்பது வரை தெரியும். புது ரேகை வரும் வரை ரேகைக்குப் பதிலாக மணிக்கட்டில் பட்டை கட்டச் சொல்லியிருந்தது சட்டம்; பட்டை கட்டியவர் சொல்லும் சாட்சியும் செல்லும். செரினாவிடம் பழைய கையிருப்பு இருந்தது.

"குடிமகன் சேதுராசு அவர்களே, வருக," என்றது செரினா. "இந்தப் பட்டையைக் காட்டி அளவில்லாமல் பானங்கள் அருந்தலாம்."

ஊழியர்களுக்கு மட்டும் தவமலர் பட்டை கட்டவில்லை. அது சேதுராசுவின் யோசனை. "நாங்க குடிமகனா புதுசாப் பட்டியலோட அடியில சேந்துட்டோம். அவய்ங்க பழையபடி உங்களுக்கு மேல இருக்காய்ங்க. கட்டின அடுத்த நிமிஷம் சாவி அங்க போயிரும். வேணாம்."

டாக்டர் சிரித்துக்கொண்டு, சாவியில்லாமல் தனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்றாள். ப்ரூனோ வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் தவமலர் அவன் தலைக்கு மேலே பார்த்து, "அடுத்தது" என்றாள். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். மறுபடி "அடுத்தது". மூன்றாம் தடவை அவன் ஒன்றும் கத்தவில்லை. பெட்டிக்கு மொழிபெயர்க்க எதுவும் இல்லை. நீச்சல் குளத்தில் காயும் துணிகளுக்கிடையே போய் உட்கார்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை லாஞ்சு வந்தது. உச்சி முதல் பாதம்வரை பிளாஸ்டிக் அணிந்த ஓர் அதிகாரி இறங்கினார். அவருக்குப் பின்னால், பெரிய மழைச்சட்டைக்குள் சின்னதாக, ஆரணி.

"தாயையும் பிள்ளையையும் பிரித்து நாடு கடத்துதல் அறமன்று என்பது எம் சட்டம்," என்றது அவருடைய பெட்டி. "ஆதலின் இருவரையும் சேர்த்தே அனுப்புவோம். கைகளை வைக்க."

தவமலர் ஓடினாள். அதிகாரி குச்சியை நீட்டித் தடுத்தார். முதலில் ரேகை. அவள் கையுறையைக் கழற்றி வைத்தாள். செரினா வாழ்த்தியது. ஆரணி மழைச்சட்டையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் தோல் சுருண்டு சுருண்டு நின்றது. நடுவில் இளஞ்சிவப்பாக மொழுக்கென்று.

"எனக்கும் வந்திட்டுது அம்மா. கன பேருக்கு வந்தது."

"மன்னிக்கவும்," என்றது செரினா. "இந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி படித்தது: "உறவு மெய்ப்பிக்கப்படவில்லை. தாய் விமானத்துக்கு. குழந்தை விடுதிக்கு, உரிமை கோரப்படாதவர் பிரிவில்."

இத்தனை நாள் கையுறைக்குள் பொத்திக் காத்த கையைத் தவமலர் பார்த்தாள். ஒரு கை இருந்து என்ன, இரண்டு கையல்லவா வேண்டும்.

"செரினா, வெறுங்கைச் சட்டம். இவள் என்ரை பிள்ளை. நான் சொல்லுறன்."

"குடும்பத்தினருக்குக் குடும்பத்தினரே சாட்சி சொல்லக் கூடாது. பட்டை கட்டிய வேறு யாராவது சொல்லலாம். உறவு கோருவதால் நான் கேள்வி கேட்பேன். என்னிடம் அழைப்புப் பதிவுகள் உள்ளன. இயந்திரம் சாட்சி சொல்லத்தான் தடை, சரிபார்க்கத் தடையில்லை. இரண்டு பேர் முயலலாம்."

"நானு," என்று சேதுராசு முன்னால் வந்தான். பட்டையைத் தூக்கிக் காட்டினான். "குடிமகன். இந்தப் புள்ளய எனக்கு நல்லாத் தெரியும். எந்தங்கச்சி மக மாதிரி."

"விடுதியில் இக்குழந்தை வளர்க்கும் பிராணி எது?"

சேதுராசு தவமலரைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். அதிகாரியின் குச்சி உயர்ந்தது.

"பூனை," என்றான். "புள்ளைகன்னா பூனைதான."

"தவறு. இன்னும் ஒருவர்."

யாரும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்டவர் கப்பலில் ஒரே ஒருவன்தான். தவமலர் திரும்பி நீச்சல் குளத்தைப் பார்த்தாள்.

"அக்கா, வேணாம்," என்றான் சேதுராசு தாழ்ந்த குரலில். "பட்டையக் கட்டினதும் கப்பல் அவன் கையில. பழி வாங்காம விட மாட்டான். வரிசையில எத்தன தடவ அலைய விட்டோம்."

"தெரியும்."

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அது சேதுராசுவுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் திரையில் அவளும் ஆரணியும் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது.  ஆனாலும் நடந்து போனாள். ஈரத் துணிகளுக்கு நடுவில் ப்ரூனோ நிமிர்ந்தான். அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

"செரினா," என்றாள். "இது ப்ரூனோ. காவலாளி. இவரை எனக்குத் தெரியும்."

பட்டை வந்தது. "வருக, குடிமகன் ப்ரூனோ. இன்று முதல் நம் கப்பலின் பொறுப்பாளர் நீங்களே. கைதட்டுவோம்." யாரும் தட்டவில்லை. எங்கோ உள்ளே கதவுகள் ஒவ்வொன்றாக 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டன.

ப்ரூனோ எழுந்து, பட்டையை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, மழைச்சட்டைக்குள் இருந்த குழந்தையிடம் வந்தான்.

"இக்குழந்தை வளர்க்கும் பிராணி எது?" என்றது செரினா.

அவன் பேசினான். பெட்டி சொன்னது: "நத்தை. தயிர்க் கிண்ணத்தில் வசிக்கிறது."

"அதன் பெயர்?"

ப்ரூனோ தொண்டையைச் செருமினான். தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ப்ரூனோ," என்றான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அவன் தொடர்ந்து பேச, பெட்டி பின்னால் வந்தது. "யான் நகர்வதில் மெத்தனம் காட்டுவதாலும், எனக்குக் கழுத்து இல்லை என்பதாலும் தாயார் இப்பெயரைப் பரிந்துரைத்தார். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் அந்நத்தையின் நலத்தை அறிந்து வருகிறேன். சென்ற ஞாயிறு அதற்குக் கொம்பு வளைந்தது."

"இப்ப நேராயிட்டுது," என்றாள் ஆரணி மழைச்சட்டைக்குள்ளிருந்து.

பெட்டி அதை அவனுக்குச் சொன்னது. ப்ரூனோ தலையை ஆட்டினான். அவன் முகத்தில் நிம்மதி போல ஏதோ வந்து போனது.

"கடைசிக் கேள்வி. அழைப்பு முடியும்போது தாய் என்ன செய்வார்?"

இம்முறை அவன் தவமலரின் கையைப் பார்த்தான்.

"திரையில் கையை வைப்பார். குழந்தையும் வைக்கும். படம் அணைந்த பின்னும் தாய் கையை எடுக்க மாட்டார். நேரம் கடந்துவிட்டது என்று சொல்வது என் கடமை. எனக்குச் சொல்ல வராது. இருமுவேன்."

செரினா வழக்கத்தைவிட ஒரு கணம் அதிகமாக யோசித்தது போலிருந்தது. "சரியான சாட்சி. வருக, குடிமகள் ஆரணி, தவமலரின் மகள். வயது காரணமாகப் பானங்களில் எலுமிச்சைச்சாறு மட்டும்."

அதிகாரி பிளாஸ்டிக்குக்குள் வியர்த்தார். குடிமகளை நாடு கடத்த முடியாது. அவர் பெட்டி தடுமாறி, கடைசியில் தெளிந்தது. "நன்று. குழந்தை குடிமகள். குழந்தை கரைக்கு. தாய்க்கு ரேகை உள்ளது, ரேகையில் உத்தரவு உள்ளது. தாய் விமானத்துக்கு. வருக, பெருமாட்டியே."

கப்பலில் இருந்த அத்தனை குடிமக்களும் அந்த ஒரே அந்நியப் பெண்ணைப் பார்த்தார்கள்.

தவமலர் ஆரணியைப் பார்த்தாள். தவமலரின் மகள் என்று செரினா சொல்லியாயிற்று. அது இனி எந்தக் கையிலும் இல்லை; பதிவில் இருக்கிறது. எதற்காக இந்தக் கையைக் காத்தாளோ, அந்த வேலை முடிந்துவிட்டது.

அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை என்பதை டாக்டர் இங்காதான் முதலில் கவனித்தாள். 

தவமலர் குச்சிக்கு அடியில் குனிந்து போனாள். முழங்காலில் உட்கார்ந்தாள். உரிந்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கைகள் இரண்டையும் தன் வெறும் கைகளில் எடுத்து, முகத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

"அம்மா, டொக்டர் தொட வேண்டாமெண்டவர். ஒட்டும்."

"ஒட்டட்டும்."

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். பிறகு லாஞ்சின் ஏணிவரை பின்வாங்கினார். நோயாளியைத் தொட்டவரை எந்த விமானமும் ஏற்றாது என்பது அவருக்கு மனப்பாடம். பொறுப்பாளரைத் தேடினார்.

ப்ரூனோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு சொல் சொன்னான். வழக்கம்போல் பெட்டி அதை நீட்டியது. "பயணி, பயணத்துக்குத் தகுதியற்றவர். நோய் வந்து நீங்கி, ரேகையும் நீங்கிய பின் தாங்கள் திரும்பி வருக. அப்பொழுது இங்கு வெறுங்கையுடன் ஒருவர் இருப்பார். அவரை அறிந்தவர் இருநூற்றுவர் இருப்பர்."

"உங்கள் தங்குதல் நீட்டிக்கப்பட்டுள்ளது, திருமதி தவமலர்," என்றது செரினா. "நேற்றுவரை தங்கியதற்கு எத்தனை நட்சத்திரம்?"

தவமலருக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.

லாஞ்சு கிளம்பிய சத்தம் அடங்கியதும் சேதுராசு மூக்கை உறிஞ்சினான். சமையலறையிலிருந்து எண்ணெய் காயும் வாசனை. யாரோ பெருவியக் குடிமகன் அவனுடைய கடுகு டப்பாவைத் திறந்திருந்தான். சேதுராசு அங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடினான்.

"அடுப்ப அணைங்கடா. இன்னைலருந்து எவனும் தாளிக்கக் கூடாது."

போகிற வழியில் சூதாட்டக் கூடத்து மரத்தில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டான்.